சிறு துளையும் பெருங்காவலும்: விழித்திரைச் சத்திரசிகிச்சையின் பின் எழும் சிக்கல்கள்

ஐம்பொறிகளுள் உலகத்தை நமக்கு மிகுதியாக உணர்த்துவது கண் என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அக்கண்ணின் முற்பாகத்தில் நிகழும் சத்திரசிகிச்சையை நம்மவர் நன்கறிவர். கண்புரை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்துவித்த முதியோர் இல்லாத ஊரை மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் காண்டல் அரிது. ஆயின் வில்லைக்கும் அப்பால், கண்ணின் பிற்பாகத்தில் நிகழும் சத்திரசிகிச்சையை அறிந்தோர் சிலரே. அரை மில்லிமீற்றர் அளவான துளைகளின் வழியே, பெரும்பாலும் தையலுமின்றி அது இக்காலத்தில் நடைபெறுகின்றது. சிகிச்சை முடிந்து ஓரிரு நாளில் வீடு திரும்பும் நோயாளரும் அவர்தம் சுற்றத்தாரும் புண்ணின் சிறுமையைக் கண்டு, “ஊசி குத்திய அளவுதானே” என்று ஆறுதல் கொள்கின்றனர். அவ்வாறுதல் எவ்வளவு பொருந்தும், எவ்விடத்தில் பொருந்தாது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் கண்ணின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். கண்கோளம் ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் விட்டமுடையது. அதன் சுவர் மூன்று படைகளாலானது. புறத்தே வெண்ணிறமான வன்கோதும், நடுவே குருதிக்கலன்கள் நிறைந்த தோலுருவும், அகத்தே ஒளியை உணரும் விழித்திரையும் அமைந்துள்ளன. வில்லைக்கும் விழித்திரைக்கும் இடைப்பட்ட பெருவெளியை நிரப்பி நிற்கும் தெளிந்த பொருளைப் பாடசாலை விஞ்ஞான நூல்கள் கண்ணாடியுடனீர் என்று வழங்கும். ஏறத்தாழ 4 மில்லிலீற்றர் கனவளவுடைய அது பெரும்பாலும் நீரேயாயினும், அதனூடே மெல்லிய நார்கள் பின்னியிருத்தலால் இளநுங்கின் தன்மையுடையதாய் இருக்கும். வயது ஏற ஏற அது நீர்த்துச் சுருங்கி விழித்திரையை விட்டு விலகும். பலருக்கு இவ்விலகல் தீங்கின்றி நிகழும். சிலருக்கோ அது விழித்திரையைப் பற்றி இழுத்துக் கிழிசலை உண்டாக்கும். சுவரில் ஈரம் ஊறிச் சுண்ணச்சாந்து கழலுமாறு போல, அக்கிழிசலின் வழியே நீர் புகுந்து விழித்திரையைக் கழற்றிவிடும்.

இரண்டாவது காரணம் நீரிழிவு. நெடுநாட் கட்டுப்படாத நீரிழிவினால் விழித்திரையின் நுண்ணிய குருதிக்கலன்கள் பழுதடைய, அவற்றிற்கு ஈடாக வலிமையற்ற புதுக்கலன்கள் முளைக்கும். இவை வெடித்துக் கண்ணாடியுடனீரைக் குருதியாற் கலக்கும். பின்னர்த் தழும்பாகிச் சுருங்கி விழித்திரையை இழுக்கும். முள், கம்பி, பட்டாசு முதலியவற்றால் நேரும் காயங்களும், விழித்திரையின் நடுப்புள்ளியில் தோன்றும் துவாரமும் வேறு காரணங்களாம். இந்நிலைகளிற் கண்ணாடியுடனீரை அகற்றி விழித்திரையைச் செம்மை செய்தல் வேண்டியதாகின்றது.

கண்ணாடியுடனீரைத் தீண்டலாகாது என்பதே நெடுங்காலம் கண் வைத்தியரின் கொள்கையாக இருந்தது. அதனை மாற்றியவர் செருமனியிற் பிறந்து அமெரிக்காவின் மயாமி நகரிற் பணியாற்றிய றொபேட் மாகெமர் ஆவர். வெட்டுதல், உறிஞ்சுதல், நீரை நிரப்புதல் ஆகிய மூன்றையும் ஒருங்கே செய்யும் கருவியைக் கொண்டு, கண்ணின் பக்கச் சுவர் வழியே உட்செல்லும் முறையை அவர் 1971 இல் வெளியிட்டார். அக்கருவிக்கு 2 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட வெட்டு வேண்டியிருந்தது. 1970 களின் நடுப்பகுதியில் ஓமாலி என்பார் தொழில்களைப் பிரித்து மூன்று துளைகளுக்குப் பங்கிட, துளையின் அளவு ஏறத்தாழ 0.9 மில்லிமீற்றராகச் சுருங்கியது. 2002 இல் அமெரிக்காவிற் பூஜி, டி யுவான் முதலியோர் 0.5 மில்லிமீற்றர் அளவிலும், 2005 இற் செருமனியில் எக்காட் 0.6 மில்லிமீற்றர் அளவிலும், 2010 இல் யப்பானில் ஒஷிமா முதலியோர் 0.4 மில்லிமீற்றர் அளவிலும் கருவிகளை அமைத்தனர். இவ்வளவு சிறிய துளைகள் தாமே மூடிக்கொள்ளும் ஆதலின் தையல் வேண்டாததாயிற்று. நோவு குறைந்தது, கண் விரைவில் ஆறியது, சத்திரசிகிச்சைக்குச் செல்லும் நேரமும் சுருங்கிற்று. இவை பெரும் பேறுகள் என்பதில் ஐயமில்லை.

எனினும் ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். சிறியதாயிற்று வாயிலேயன்றி உள்ளே நிகழும் வேலையன்று. கருவிழியின் விளிம்பிலிருந்து மூன்றரை முதல் 4 மில்லிமீற்றர் பின்னே மூன்று துளைகள் இடப்படும். ஒன்றின் வழியே நீர் உட்செல்லும்; மற்றொன்றின் வழியே விளக்குச் செல்லும்; மூன்றாவதன் வழியே வெட்டுங் கருவி செல்லும். கண்ணாடியுடனீர் அகற்றப்படும், தழும்புத் தோல் உரிக்கப்படும், கிழிசலைச் சூழ லேசர்க் கதிராற் சூடிடப்படும், ஈற்றில், வெளியான இடம் உப்புநீராலோ காற்றாலோ வாயுவாலோ சிலிக்கோன் எண்ணெயாலோ நிரப்பப்படும். எனவே பின்னர் எழும் சிக்கல்களை இருவகையாகப் பிரித்தல் தகும். துளையினால் வருவன ஒருவகை. உள்ளே நிகழ்ந்த வேலையினாலும் நிரப்பிய பொருளினாலும் வருவன மற்றொரு வகை.

துளையினால் வருவனவற்றுள் முதலாவது கசிவு. தையலிடாத துளை செவ்வனே மூடாதபோது உள்ளிருக்கும் நீரோ வாயுவோ சிறிது சிறிதாக வெளியேறும். கண்ணின் உள்ளமுக்கம் இயல்பில் இரசத்தின் 10 முதல் 21 மில்லிமீற்றர் வரையில் நிற்பது. கசிவினால் அது தாழ்ந்து கண் மென்மையுறும். பெரும்பாலும் சில நாட்களில் இது தானே சீராகிவிடும். அமுக்கம் மிகத் தாழின் தோலுருப்படை வன்கோதை விட்டு விலகி உள்ளே புடைத்தல் கூடும்; அரிதாக அதன்கண் குருதிப்பெருக்கும் நேரும். சத்திரசிகிச்சைக்கு மறுநாள் வைத்தியர் கண்ணின் அமுக்கத்தை அளப்பது இது பற்றியேயாம். கசிவு கண்டவிடத்து ஒரு தையலிடுதற்கு அவர் தயங்குவதில்லை.

இரண்டாவது, யாவற்றினும் கொடியது, கண்ணினுள் நுண்ணுயிர் புகுதல். இது அரிதாயினும், நேர்ந்தாற் சில நாட்களுள், சிலபோது சில மணி நேரத்துள்ளேயே பார்வையை அழிக்க வல்லது. தையலற்ற முறை பரவிய தொடக்கக் காலத்தில் இதுபற்றிய கவலை எழுந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள வில்ஸ் கண் வைத்தியசாலையைச் சார்ந்த குனிமோட்டோ, கைசர் ஆகியோர் 2007 இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டுக் குறிப்பிடற்பாலது. 0.9 மில்லிமீற்றர் துளையிட்டுச் செய்த 5,498 சிகிச்சைகளுள் ஒன்றிலேயே நுண்ணுயிர்த் தாக்கம் நேர்ந்தது, 0.5 மில்லிமீற்றர் துளையிட்டுச் செய்த 3,103 சிகிச்சைகளுள் ஏழில் நேர்ந்தது. விகிதத்தில் இது ஏறக்குறையப் பன்னிரு மடங்காகும். பெருந்துளையினும் சிறுதுளையே மிகுந்த தீங்கு தந்தது வியப்பன்றோ? காரணத்தை ஆராய்ந்தவர்கள், பெருந்துளை தைத்து மூடப்பட்டமையையும், நேர்குத்தாக இட்ட சிறுதுளை திறந்திருந்து, கண் மென்மையுற்றபோது இமையோரத்துக் கிருமிகளை உள்ளே இழுத்தமையையும் சுட்டினர்.

இதனின்று வைத்திய உலகம் பாடம் கற்றது. துளையை நேராக இடாது வன்கோதினூடே சாய்வாக இடும் முறை வழக்கிற்கு வந்தது. சாய்வான வழியின் இரு சுவர்களும் கண்ணின் உள்ளமுக்கத்தினாலேயே ஒன்றோடொன்று அழுத்தப்பட்டு மூடிக்கொள்ளும். கத்தி படுவதற்கு முன் பொவிடோன் அயடீன் கரைசலாற் கண்ணையும் இமைகளையும் கழுவுதலும், கசியும் துளைக்குத் தயங்காது தையலிடுதலும் வலியுறுத்தப்பட்டன. இவற்றின் பின் வந்த பேராய்வுகள் பல, சிறுதுளைக்கும் பெருந்துளைக்கும் இவ்வகையிற் பெரும் வேறுபாடு இல்லை என்று கண்டன. ஆகவே இன்றைய முறை அஞ்சத்தக்கதன்று. ஆயின் தையலற்ற வாயில் முழுதாக ஆறும் வரையில் அதற்குக் காவல் வேண்டும் என்னும் உண்மை மாறவில்லை. வைத்தியசாலையில் அக்காவல் தாதியருடையது. வீட்டிலோ அது குடும்பத்தாருடையது.

இனி, இரண்டாவது வகையை நோக்குவோம். கழன்ற விழித்திரையை அழுத்திப் பிடிப்பதற்காகக் கண்ணினுள் வாயு நிரப்பப்படுதல் உண்டு. வெறுங்காற்று ஏறத்தாழ ஒரு வாரத்திலும், கந்தக எக்சாபுளோரைட்டு வாயு ஏறத்தாழ இரு வாரங்களிலும், பேர்புளோரோபுரோப்பேன் வாயு ஆறு முதல் எட்டு வாரங்களிலும் குருதியிற் கரைந்து மறையும். வாயு நிறைந்த கண்ணுக்குப் பார்வை மிக மங்கலாகவே இருக்கும். வாயு குறையக் குறைய மேற்பாகம் தெளிந்து, வாவியின் நீர்மட்டம் போன்று தளும்பும் ஒரு கோடு கண்முன்னே தோன்றும். அக்கோடு நாள்தோறும் கீழிறங்கி, ஈற்றிற் சிறு குமிழியாகி மறையும். இதனைக் கண்டு அஞ்சுதல் வேண்டா. இது சிக்கலன்று, இயல்பேயாம்.

அஞ்சவேண்டியது வேறொன்று. மாறா வெப்பநிலையில் ஒரு வாயுவின் கனவளவு அதன் அமுக்கத்துக்கு நேர்மாறு விகிதசமன் என்னும் போயிலின் விதியை நம் மாணவர் யாவரும் கற்பர். அவ்விதி கண்ணினுள்ளும் செல்லும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளியமுக்கம் கடலோரத்து அமுக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கேயாம். எனவே கொழும்பில் 3 மில்லிலீற்றராக இருந்த வாயு அவ்வுயரத்தில் 3.75 மில்லிலீற்றர் ஆக முயலும். வன்கோதோ எளிதில் விரிந்து கொடாது. விரிய இடமற்ற வாயு கண்ணின் உள்ளமுக்கத்தை உயர்த்தும். அமுக்கம் மிகின் விழித்திரைக்குக் குருதி கொணரும் நாடி நெருக்குண்ணும். நெருக்குண்ட நாடி விரைவில் விடுபடாவிடிற் பார்வை மீளாது.

இது நம் பகுதியினருக்கு ஏட்டுச் சுரைக்காயன்று. கொழும்பிலுள்ள தேசிய கண் வைத்தியசாலை முதலிய இடங்களிற் சிகிச்சை பெறுவோர் முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழியைக் கடந்தே மட்டுநகர் திரும்புதல் வேண்டும். பொலநறுவை, வாழைச்சேனை வழியாக வரும் புகையிரதப் பாதை தாழ்நிலத்திலே செல்வது. மலைநாட்டினூடே பதுளை வழியாக வரும் பாதையோ உயர்ந்த கணவாய்களைக் கடப்பது. கண்ணில் வாயு உள்ளவர் தாழ்நிலப் பாதையைத் தெரிதலே நன்று. எவ்வழியிற் செல்லலாம் என்பதைப் புறப்படுமுன் வைத்தியரிடம் கேட்டறிதல் அதனினும் நன்று. தமிழ்நாட்டுக்குச் சென்று சிகிச்சை பெறுவோரும் நம்மிடையே உளர். மதுரையில் வெங்கடசாமி 1976 இல் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனையும், சென்னையிற் பத்ரிநாத் 1978 இல் நிறுவிய சங்கர நேத்ராலயமும் இத்துறையிற் பேர்பெற்றவை. அங்கே சென்றோர் திரும்புங்கால் ஆகாயவிமானம் ஏறுவர். விமானத்தின் அகத்தே பேணப்படும் அமுக்கம் 1,800 முதல் 2,400 மீற்றர் வரை உயர்ந்த மலையின்கண் உள்ள அமுக்கத்துக்கு ஒப்பானது. அன்றியும் அம்மாற்றம் சில நிமிடங்களுள் நிகழ்வது. மலை ஏறுவோர்க்குள்ள அவகாசமும் கண்ணுக்கு இல்லை. ஆகவே வாயு முற்றாக மறைந்தது என வைத்தியர் கூறும் வரையில் விமானப் பயணம் ஆகாது. பயணச் செலவைக் கணக்கிடுவோர் அங்குத் தங்கவேண்டிய வாரங்களின் செலவையும் முன்னரே சேர்த்துக் கணக்கிடல் அறிவுடைமை.

இதனோடு ஒத்த மற்றோர் இடர் மயக்கமருந்தினால் வருவது. நைதரசொட்சைட்டு என்னும் மயக்கவாயு குருதியினின்று கண்ணுள் இருக்கும் வாயுக் குமிழியினுள் விரைந்து புகுந்து அதனைப் பெருக்கும். ஆதலின் பல்லுக்கோ எலும்புக்கோ வேறெதற்கோ சத்திரசிகிச்சை வேண்டிவரின், கண்ணில் வாயு உள்ளமையை முதலிலே அறிவித்தல் வேண்டும். இதன்பொருட்டு நோயாளரின் மணிக்கட்டில் ஒரு பட்டி கட்டிவிடும் வழக்கம் பல வைத்தியசாலைகளில் உண்டு. குளிக்குங்காற் கழற்றி எறிதற்குரியதன்று அது.

வாயு மேலெழும் இயல்பினது. நோயாளர் குப்புறக் கவிழ்ந்திருப்பின் அது கண்ணின் பின்புறத்தைச் சேர்ந்து அங்குள்ள விழித்திரையை அழுத்தும். இதனாலேயே நடுப்புள்ளித் துவாரம் முதலியவற்றிற்குச் சிகிச்சை பெற்றோர் சில நாட்கள் முகங்கவிழ்ந்து இருக்குமாறு பணிக்கப்படுவர். கிழிசல் இருக்கும் இடத்துக்கேற்ப இந்நிலை வேறுபடும். முதியோர்க்கு இது கடினமாயினும், இதனைக் கைவிட்டால் வாயு முன்னே சென்று வில்லையைத் தொட்டு மங்கச் செய்வதோடு, விழித்திரையும் பிடிப்பின்றிப் போகும். தலையணைகளை அடுக்கி, மேசைமேல் நெற்றி சாய்த்து, வானொலி கேட்டும் பிறர் வாசிக்கக் கேட்டும் பொழுது போக்குதற்கு வீட்டார் உதவுதல் பெருந்தொண்டாகும்.

நெடுநாட் பிடிப்பு வேண்டிய கண்களுக்குச் சிலிக்கோன் எண்ணெய் இடப்படும். இதற்கு வாயுவைப் போல் விரியும் இயல்பு இன்மையால் மலையும் விமானமும் தடையாகா. ஆனால் வாயுவைப் போல் இது தானே மறைவதுமில்லை. மாதங்கள் செல்ல எண்ணெய் நுண்டுளிகளாகச் சிதறிக் கண்ணின் வடிகால்களை அடைத்து உள்ளமுக்கத்தை உயர்த்தும். விழிவெண்படலத்தையும் மங்கச் செய்யும். ஆதலின் விழித்திரை ஒட்டியபின், பெரும்பாலும் சில மாதங்களில், இரண்டாவது சத்திரசிகிச்சையால் அதனை வெளியே எடுத்தல் வழக்கம். நோவு இல்லை, ஓரளவு பார்வையும் உண்டு, வயல் வேலை வந்துவிட்டது என்று அந்நாளைத் தள்ளிப்போடுவோர், அரிதிற் பெற்ற பார்வையைச் சத்தமின்றி இழத்தல் கூடும். சத்திரசிகிச்சையின்பின் வழங்கப்படும் தெரோயிட்டுத் துளிமருந்தும் சிலருக்கு அமுக்கத்தை உயர்த்தும். குறித்த காலத்துக்கு மேல் அதனைத் தாமே வாங்கி இட்டுக்கொள்ளுதல் தகாது.

விழித்திரை மீண்டும் கழலுதலும் நேரலாம். கருவி சென்ற வழியருகே புதுக் கிழிசல் தோன்றுவதாலும், பழைய கிழிசலைச் சூழத் தழும்பு வளர்ந்து சுருங்குவதாலும் இது நிகழும். நீரிழிவுடையோரிற் சிகிச்சையின் பின்னும் சிறிது குருதி கசிந்து பார்வையை மறைத்தல் உண்டு. பெரும்பாலும் அது தானே தெளியும். ஐம்பது வயதைக் கடந்தோரில், கண்ணாடியுடனீர் அகற்றப்பட்டபின் வில்லையை அடையும் ஒட்சிசன் மிகுவதால், பெரும்பாலோர்க்கு ஈராண்டுகளுட் கண்புரை முதிர்கின்றது. இது சிகிச்சையின் தோல்வியன்று, எதிர்பார்க்கப்படும் விளைவே. புரை அகற்றினாற் பார்வை தெளியும். இவ்வுண்மையை முன்னரே அறியாதவர், “கண்ணைக் கெடுத்துவிட்டார்கள்” என மனமுடைந்து மேற்கொண்டு வைத்தியரை நாடாதிருத்தலே உண்மையான இழப்பாகும்.

நம் பகுதியின் வாழ்க்கைமுறைக்கு ஏற்பச் சில கூறுதல் பொருத்தம். வாவி நீரும் குளத்து நீரும் கிணற்று நீரும் தெளிந்து தோன்றினும் நுண்ணுயிர் அற்றவையல்ல. தலையில் நீர் வார்த்தல், வாவியில் இறங்கி வலைவீசுதல், கடலாடுதல் என்பன வைத்தியர் விடை தரும் வரையில் விலக்கத்தக்கன. கழுத்துக்குக் கீழே குளித்து, முகத்தை ஈரத்துணியாற் கண் தவிர்த்துத் துடைத்தல் போதும். சூடடிக்கும் களத்துத் தூசியும் அடுப்புப் புகையும் ஆகா. நந்தியாவட்டைப் பூச்சாறு, முலைப்பால் முதலியவற்றைக் கண்ணிலிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. பரிவினாற் செய்வதாயினும், ஆறாத துளையுடைய கண்ணுக்கு அது கிருமிக்கு வழிதிறந்து விடுவதாகும். துளிமருந்து இடுபவர் முதலிற் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் வேண்டும். மருந்துக் குப்பியின் நுனி இமையிற் படலாகாது. உறங்குங்காற் கை பட்டுக் கண் கசக்குண்ணாதவாறு கவசம் அணிதல் நன்று.

சிகிச்சைக்குப் பின்னரான காவலின் அருமையை நம் முன்னோர் அறியாதவரல்லர். கண்புரைச் சிகிச்சையைக் கூறும் சுசுருதர், அதன்பின் நோயாளரை மல்லாந்து கிடக்கச் செய்து, ஏப்பம், இருமல், தும்மல், துப்புதல் ஆகியவற்றை அடக்குமாறு விதித்தனர். முறைகள் மாறின, கத்தியின் வேலை முடிந்ததும் சிகிச்சை முடிவதில்லை என்னும் கருத்து மட்டும் மாறவில்லை.

இங்கு ஒரு வினா எழும். சிவப்பும் உறுத்தலும் சிகிச்சை பெற்ற கண் யாவற்றிலும் இருக்குமே, இயல்பையும் இடரையும் வைத்திய அறிவில்லாதார் பிரித்தறிதல் எங்ஙனம்? அதற்கு எளிய அளவுகோல் ஒன்றுண்டு. நாளுக்கு நாள் குறைந்து வருவது இயல்பு. குறைந்தபின் மீண்டும் கூடுவது இடர். தணிந்து வந்த நோவு மிகுதல், சிவப்புப் பரவுதல், தெளிந்து வந்த பார்வை மங்குதல், இமை வீங்கிச் சீழ் வடிதல் என்பன நுண்ணுயிர்த் தாக்கத்தின் குறிகளாகலாம். தலைவலி, வாந்தி என்பவற்றோடு கூடிய கடுநோவு அமுக்கம் உயர்ந்தமையைக் காட்டலாம். மின்னற் கீற்றுக்கள், புதிதாகத் தோன்றும் கரும்புள்ளிகள், பக்கத்திலிருந்து திரைபோல் மறைத்துவரும் நிழல் என்பன விழித்திரை கழலுதலைக் காட்டலாம். இவற்றுள் எது தோன்றினும் விடியட்டும், சந்தை நாள் கழியட்டும் எனக் காத்திருத்தல் கூடாது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையையோ அண்மையிலுள்ள வேறு பெரிய வைத்தியசாலையையோ அன்றே அடைந்து, சிகிச்சைக் குறிப்பைக் காட்டி, கண்ணில் இருப்பது வாயுவா எண்ணெயா என்பதையும் சொல்லுதல் வேண்டும். நுண்ணுயிர்த் தாக்கத்துக்குக் கண்ணினுள்ளேயே மருந்து செலுத்துவர். காலந்தாழ்த்தாது செலுத்தின் பார்வையைக் காத்தல் கூடும்.

1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிற் பணியாற்றிய வைத்தியர் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். வைத்தியம் கற்போர்க்குத் தாய்மொழி எத்துணை வேண்டுமோ, அத்துணை நோயாளரைப் பேணுவோர்க்கும் வேண்டும். வைத்தியர் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்க, இரவில் விழித்திருந்து கண்ணைப் பார்ப்பவர் மனைவியோ மகளோ பேரனோ ஆவர். சிகிச்சை முடிந்து புறப்படுமுன் அவர்கள் கேட்டறிய வேண்டியன நான்கு: கண்ணில் நிரப்பிய பொருள் யாது? எவ்வாறு படுத்தல் வேண்டும்? எவ்வழியிற் பயணஞ் செய்யலாம்? மறுமுறை வரவேண்டிய நாள் எது? இந்நான்கையும் தாம் விளங்கும் மொழியில் எழுதுவித்துக் கையோடு கொண்டுவருதல் வேண்டும். துளை சிறிதாயிற்று என்பது சத்திரவைத்தியரின் திறமைக்குச் சான்று; அதனைக் காக்கும் பொறுப்பு அத்துளையின் அளவாற் சுருங்கியதில்லை.